கோடியக்கரைச் சதுப்பைப் பார்ப்பது எப்படி: பொங்கலுக்கு ஊர் வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோடியக்கரைக்குப் போய், கடலில் கால் நனைத்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது வேதாரண்யம் பக்கத்து வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய் வந்தேன். போகிற வழியில் சாலையின் வலது கைப்பக்கம் மேற்கே அடிவானம் வரை விரிந்து கிடந்ததை வெறும் சேறு என்றே நினைத்திருந்தேன். அந்தச் சேற்றில்தான் சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2002-ல் தமிழ்நாட்டிலிருந்து முதலில் இடம்பெற்ற ஈரநிலம் அதுதான் என்பதும், சென்னையில் வேலைக்குப் போன பிறகே எனக்குத் தெரிய வந்தது. உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர் தெரியாமல் போவதில் புதுமை ஒன்றும் இல்லை. விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் அந்தச் சதுப்பை ஒழுங்காகப் பார்ப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தெற்கு நோக்கி நேராக வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. இந்த முனைக்குப் பின்னால், அகஸ்தியம்பள்ளியிலிருந்து முத்துப்பேட்டை வரை கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதே பெரிய வேதாரண்யச் சதுப்பு. 1967-ல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம் முனையில் உள்ள காட்டையும் புல்வெளியையும் ஒட்டிய சிறிய பகுதிதான். 38,500 ஹெக்டேர் கொண்ட ராம்சர் நிலமோ காடு, சதுப்பு, உப்பளத்தை ஒட்டிய பகுதிகள், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தது. நீர்ப்பறவைகள் பெருமளவில் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் இது என்பதை 1962-ல் வெளியுலகுக்குச் சொன்னவர் பறவையியலாளர் சாலிம் அலி.

இந்தச் சதுப்பில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகளும் வடிகால்களும் கொண்டு வரும் நன்னீர் இங்கே தேங்கிக் கடல்நீரோடு கலக்கிறது. தை பிறக்கும்போது மழை ஓய்ந்து, தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும். கோடையில் பெரும்பகுதி காய்ந்து, உப்புப் பூத்த வெறும் தரையாகிவிடும். தண்ணீர் நிறைந்திருக்கும் மார்கழித் தொடக்கத்தில் சிறு பறவைகளுக்குக் கால் வைக்க இடமிருக்காது; பங்குனியில் பாதிப் பறவைகள் கிளம்பியிருக்கும். ஆகவே பொங்கல் விடுமுறை, திட்டமிட்டு வைத்ததைப் போல, சரியான காலத்திலேயே வருகிறது. மழை பிந்திய ஆண்டாக இருந்தால் மட்டும் தைப்பூசத்தை ஒட்டிய விடுப்பு இன்னும் நல்லது.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

காணும் பொங்கலன்று போகாதீர்கள். அன்று சாலை முழுவதும் வண்டியும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். பறவைகள் பார்வைக்கு எட்டாத தூரத்துக்கு ஒதுங்கிவிடும். போகி நாளோ, காணும் பொங்கல் கழிந்த பிறகோ போவது உத்தமம்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலைதான், அதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலை தெற்கே ஓடுகிறது. சதுப்பு அதற்கு மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று பறவைகளின் மீது வெளிச்சத்தைக் கொட்டும். மாலையில் போனால் வெயில் கண்ணில் அடிக்கும். எதிரே நிற்பது பூநாரையா கொக்கா என்பதே தெரியாமல் எல்லாம் கரிய உருவங்களாகிவிடும். தை மாதத்தில் 6.30 மணியை ஒட்டிப் பொழுது விடிகிறது. அதற்குக் கால் மணி முன்பே அகஸ்தியம்பள்ளியைத் தாண்டியிருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலில் வரலாம். 37 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. முன்பு ரயில் கோடியக்கரை வரையே போயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்வார்கள். ஆனால் சதுப்பைப் பார்ப்பதற்கு இருசக்கர வண்டிதான் ஏற்றது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பேருந்தை நம்பினால் விடியலைத் தவறவிட வேண்டியிருக்கும்.

அனுமதியும் கைப்பொருள்களும்

பொதுச்சாலையில் நின்று பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள்ளோ சதுப்புக்குள்ளோ போவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். முந்தைய நாளே வனச்சரக அலுவலகத்துக்குப் போய், கட்டணம், நேரம், எந்த வழி திறந்திருக்கிறது என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடம் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் அங்கேயே விசாரிக்கலாம். உப்பளங்களுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். வரப்பில் நடப்பதற்கு முன் அங்கே வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை மட்டுமன்று, பயனும் உண்டு: நேற்று எந்தப் பாத்திப் பக்கம் பூநாரை இறங்கியது என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம்.

இருநோக்கி (பைனாகுலர்) இல்லாமல் இந்தப் பயணத்துக்குப் பொருளில்லை. எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புள்ள இருநோக்கி போதும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் இந்த வாடைக்காற்றில் கை நடுங்கும். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சதுப்போரத்தில் நிழலும் இல்லை, கடையும் இல்லை. தொப்பி, முழுக்கைச் சட்டை, பழைய துணிக்காலணி, மாற்றுத் துணி, ஒரு நோட்டு, ஒரு பென்சில். நனைந்த தாளில் பேனா எழுதாது. அடர் சிவப்பு, வெள்ளைச் சட்டைகளைத் தவிருங்கள். சாம்பல், மண், இலை நிறங்கள் நல்லவை.

முதல் நாள் காலை: உப்பளச் சாலை

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்ப்பீர்கள். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள் உப்பு எடுத்த மண் இதுதான். அங்கிருந்து மெதுவாக நகர்ந்து, தண்ணீர் தெரியும் முதல் இடத்தில் வண்டியை அணைத்துவிடுங்கள். இறங்கியவுடன் இருநோக்கியைத் தூக்காதீர்கள். ஐந்து நிமிடம் வெறுங்கண்ணால் பாருங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் காலியாகத் தெரிந்த சேறு, கண் பழகப் பழக, ஊர்ந்து நகர்வதை உணர்வீர்கள். அது உள்ளான் எனும் சிறு கரைப்பறவைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் தலை குனிந்து மேய்வது.

உப்பளங்களில் தையில் உப்பு வாருவதில்லை. மழையில் கரைந்த வரப்புகளைக் கட்டி, பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலைதான் நடந்துகொண்டிருக்கும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றி வெயிலில் வற்றவிட, கடலில் மூன்றரை டிகிரியாக இருந்த உவர்ப்பு இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு இறங்கும் என்பது அளத்துக் கணக்கு. நடுவிலுள்ள உவர்ப்பில் மீன் வாழாது. ஆனால் அரிசியைவிடச் சற்றே பெரிய உவர்க்கூனிகள் பெருகும். பூநாரைகள் உப்பளத்தோரம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவற்றின் சிறகில் உள்ள இளஞ்சிவப்பு நிறம் இந்தக் கூனிகளிலும் பாசிகளிலும் உள்ள நிறமிகளிலிருந்து வருவதே. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை வேறு இனமல்ல, இன்னும் நிறம் ஏறாத இளம் பறவைகள்.

பறவைகளை ஆழத்தால் அறிதல்

புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு உள்ளானுக்கும் பெயர் தேடத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். நம் பாட்டிமார் அளந்த முறையில் விரற்கடை, சாண், முழம் என்று தண்ணீரைப் பிரித்துக்கொண்டு பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தானாக விளங்கும்.

தண்ணீர் வடிந்து பளபளக்கும் ஈரச் சேற்றில் ஓடி ஓடி நிற்பவை உப்புக்கொத்திகள். குட்டை அலகும் பெரிய கண்ணும் உடைய இவை பார்த்து, ஓடி, கொத்தும். கொத்தியபின் மறுபடி அசையாமல் நிற்கும். அதே சேற்றின் விளிம்பில், விரற்கடைத் தண்ணீரில், தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல நிறுத்தாமல் குத்திக்கொண்டு போவது குட்டி உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், முப்பது கிராம் எடைகூடத் தேறாது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறது. முதன்முறை இதை அறிந்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. சென்னையிலிருந்து ஊருக்கு வருவதற்கு நான் எவ்வளவு அலுத்துக்கொள்கிறேன்!

அரைச் சாண் ஆழத்தில் சிவந்த கால்களோடு நிற்பது பவளக்கால் உள்ளான். அதைவிட நெட்டையாக, கறுப்புச் சிறகும் வெள்ளை மார்புமாக, ஒரு சாண் தண்ணீரிலும் வயிறு நனையாமல் நடப்பது நெடுங்கால் உள்ளான். சாணுக்கும் முழத்துக்கும் இடையே கரண்டிவாயன்கள் அலகைத் தண்ணீருக்குள் வைத்து, வயலில் அரிவாள் வீசுவதைப் போல இடமும் வலமும் அலசிக்கொண்டு வரிசையாக நகரும். சங்குவளை நாரைகள் பாதி திறந்த அலகை நீருக்குள் வைத்துக்கொண்டு மீன் தானாக வந்து தட்டுப்படுவதற்குக் காத்திருக்கும். முழத்துக்கு மேல் போனால் அது பூநாரையின் இடம்: நாலடிக்கு மேல் உயரம், கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பக்கம் கீழே இருக்குமாறு வைத்துச் சேற்றுநீரை வடிகட்டும். அதற்கும் அப்பால், நிலைகொள்ளாத ஆழத்தில், ஊசிவால் வாத்துகளும் கூழைக்கடாக்களும் மிதக்கும். ஆலாக்களும் கடற்காகங்களும் எந்த ஆழத்துக்கும் கட்டுப்படாதவை. அவற்றுக்கு வானம் போதும்.

இந்தப் படிக்கட்டு மனதில் பதிந்துவிட்டால் வேறொன்றும் புரியும். வாடைக்காற்று பலமாக வீசும் நாளில், ஆழமற்ற இந்தத் தண்ணீர் காற்றுப் போகும் திசையில் தள்ளப்பட்டு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் சேறு வெளிப்படும். நேற்று உள்ளான் மேய்ந்த இடத்தில் இன்று பூநாரை நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பறவைகள் அதே ஆழத்தில்தான் நிற்கின்றன, ஆழம்தான் இடம் மாறியிருக்கிறது.

எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு மீட்டர் கணக்குத் தேவையில்லை. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் தலையை நிமிர்த்தினால் நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இளைத்த பறவை, திரும்பிப் போவதற்காகச் சேர்க்கும் கொழுப்பை அந்தக் கைதட்டல் தின்றுவிடுகிறது. உங்கள் ஊர்ச் சந்தையிலோ சாலையோரத்திலோ உள்ளான் கறி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வேட்டை குற்றம் என்பது ஒரு பக்கம், அந்தக் கறித்துண்டு எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

சேற்றில் நடப்பது

முடிந்தவரை நடக்காமல் இருப்பதே நல்லது. இதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. ஒரு பொங்கலின்போது, வளைந்த அலகுடைய பெரிய குதிரைமலைக் கொத்தி ஒன்றை நெருங்கிப் பார்க்கும் ஆசையில் வரப்பை விட்டு இறங்கினேன். மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் கெட்டியாகத் தெரிந்த தரை, பத்தாவது அடியில் அப்பளமாக உடைந்து, முழங்கால் வரை கறுத்த சேற்றுக்குள் இறக்கிவிட்டது. ஒரு காலை உருவ முயன்றால் மற்றது ஆழப் போயிற்று. பாத்தி மிதித்துக்கொண்டிருந்த பெரியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “தம்பி, நின்னுக்கிட்டே இருந்தா இன்னும் எறங்கும். அப்படியே பின்னாடி சாஞ்சு ஒக்காருங்க. ஒவ்வொரு காலா மெதுவா இழுங்க.” சொன்னபடி செய்தேன், செருப்பு மட்டும் சதுப்புக்குக் காணிக்கையாகப் போயிற்று.

அன்று அவரிடம் கற்றதை எழுதிவிடுகிறேன். உமரிச் செடி அடர்ந்த தரை பெரும்பாலும் தாங்கும், வேர் பிடித்திருப்பதால். வெறுமையாக, வெள்ளை பூத்து, நடுவில் வெடிப்பு இல்லாமல் வழவழப்பாக இருக்கும் தரையை நம்பக் கூடாது. மாடும் நரியும் போன தடத்தில் குளம்போ பாதமோ எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே கால் வைக்க வேண்டும். ஒருபோதும் தனியாக இறங்கக் கூடாது. பிள்ளைகளை இறக்கவே கூடாது.

பகலில் காடு, மாலையில் கரை

பத்து மணிக்கு மேல் வெயிலில் கானல் எழும்பி, இருநோக்கியில் எல்லாம் ஆடத் தொடங்கும். அப்போது காட்டுக்குப் போங்கள். கோடியக்காட்டைத் தாண்டினால் பாலை மரங்கள் நிறைந்த, ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத உலர்காடு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது இங்கே எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன, மான்களும் மாண்டன. அந்த வடுக்களை இன்னும் காணலாம். காட்டின் மேடான இடம் ராமர் பாதம். மேடு என்றாலும் கடல் மட்டத்திலிருந்து நாலு மீட்டர்தான். இந்தத் தட்டையான ஊரில் அதுவே மலை. அங்கிருந்து நாற்புறமும் பார்த்தால் காடு, சதுப்பு, உப்பளம் மூன்றும் எப்படி அடுத்தடுத்துக் கிடக்கின்றன என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

வெளிமானைத் தேடிக் காட்டுக்குள் போய்ப் பயனில்லை. பெயரே சொல்கிறது, அது வெளியில் வாழும் மான். முனையை ஒட்டிய திறந்த புல்வெளியில், முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாகக் கிடாயும், கொம்பில்லாத மண்ணிறப் பெட்டைகளும் நிற்கும். சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்கிக்கொண்டு வருவதுதான் இவற்றுக்குப் பெரிய இடர். அருகே மேயும் மட்டக்குதிரைகள் பார்க்க அழகாக இருந்தாலும், அதே புல்லுக்குப் போட்டியிடுபவை. குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். பையை மூடி வையுங்கள்.

மாலையில் கரைக்குப் போகலாம். வழியில் சுந்தரர் பாடிய குழகர் கோயில் இருக்கிறது. கரையில், ஐப்பசி முதல் பங்குனி வரையான மீன்பிடி காலத்துக்காக வெளியூர்களிலிருந்து வந்து தங்கும் மீனவர்களின் குடிசைகளைக் காண்பீர்கள். இந்தக் காலத்தின் பிற்பகுதியில்தான் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. கரையில் ஆமைத் தடம் கண்டால் அதை மிதிக்காமல் வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்: முத்துப்பேட்டை

சதுப்பின் மேற்குக் கோடி வேறொரு உலகம். கோரையாறு, பாமினியாறு முதலிய காவிரிக் கிளைகள் வந்து கலக்கும் காயலைச் சுற்றி அலையாத்திக் காடு. ஜாம்பவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியோடு படகில் போக வேண்டும். படகு எப்போது ஓடும் என்பதை முந்தைய நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள்.

படகு கரையோரம் போகும்போது சேற்றிலிருந்து ஆணி அடித்தாற்போல விறைத்து நிற்கும் மூச்சு வேர்களைப் பாருங்கள். காற்றில்லாத சேற்றுக்குள் புதைந்த வேருக்கு அவைதான் மூக்கு. பிறகு அலையாத்தி இலை ஒன்றின் மேற்பரப்பை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேரையும் மீறி உள்ளே வந்த உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. பிள்ளைகளுக்கு இது ஒன்று போதும், அந்த நாளை மறக்க மாட்டார்கள். ஆனால் தில்லை மரத்தின் பக்கம் அவர்களை விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே கேடு. எது அலையாத்தி, எது தில்லை என்பதைப் படகோட்டியிடம் கேட்டுவிட்டே தொடுங்கள்.

கணக்கெழுதுதல்

2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் நீங்களும் அதில் ஒருவர். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதாதீர்கள். ‘உள்ளான் வகை’ என்று விடுவது பிழையான பெயரைவிட மேல். பெரிய கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவைகளை ஒரு கட்டாக எண்ணி, அந்தக் கட்டு எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

அந்தத் தளம் கேட்காத ஒன்றையும் நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்: காற்றின் திசையும், ஒவ்வொரு கூட்டமும் நின்ற தண்ணீரின் ஆழமும். பறவையின் காலில் எந்த இடம் வரை நனைகிறது என்று பார்த்தால் தூரத்திலிருந்தே ஆழத்தைச் சொல்லிவிடலாம். போன முறை அக்கா மகளும் உடன் வந்தாள். திரும்பும் வழியில் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘கணுக்கால் வரைக்கும் தண்ணி: சிவப்புக் கால் குருவி 12. முட்டி வரைக்கும் தண்ணி: பிங்க் கொக்கு 40’ என்று எழுதியிருந்தாள். பெயர் இரண்டும் தவறு. ஆழத்தில் ஒரு திருத்தமும் எனக்குத் தேவைப்படவில்லை.